சோபோக்ளிஸ் எழுதினது 120-க்கு மேல, நம்ம கையில இருக்குறது 7. மீதி எங்க போச்சு?

வைகைக்கரை

வணக்கம். ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டிருக்குற கேள்வி, தெரிஞ்சவங்க சொல்வீங்கன்னு இங்க போடுறேன். போன மாசம் பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோபோக்ளிஸோட நாடகங்கள் ஒரே தொகுதியா கிடைச்சுது. ஏழு நாடகம். ஈடிபஸ், ஆன்டிகனி, எலெக்ட்ரா, ஃபிலாக்டிடிஸ்னு ஒரு வாரம் வேற எதுவும் ஓடல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சேன். முடிச்சிட்டு முன்னுரைக்குத் திரும்பினா அதுல போற போக்குல ஒரு வரி, இவர் எழுதினது 120 நாடகத்துக்கு மேலன்னு. அப்படியே புத்தகத்தை மூடி வச்சுட்டேன். மிச்சம் நூத்துப் பத்து நாடகம் என்ன ஆச்சு?

அப்புறம் தேடித் தேடிப் பாத்தா எல்லாருக்கும் இதே கதைதான். அவர் மாதிரியே கிரேக்க நாடகம் எழுதின எஸ்கிலஸ் 70-க்கு மேல எழுதி 7 இருக்கு. யூரிப்பிடிஸ் 90 பக்கம் எழுதி 19, அதுலயும் ஒண்ணு அவரோடது தானான்னு சந்தேகம். லிவி எழுதின ரோம் வரலாறு 142 புத்தகம், நமக்கு 35. நாம ஹோமர், வெர்ஜில், தாந்தே, செர்வான்டிஸ், ஷேக்ஸ்பியர், டால்ஸ்டாய்னு வரிசையா அடுக்கி ஐரோப்பிய இலக்கிய வரலாறுன்னு சொல்றோமே, அது எழுதினதோட வரலாறா இல்ல மிஞ்சினதோட வரலாறா? நண்பர் ஒருத்தர் "நல்லது நிக்கும், மத்தது போயிடும், காலம் சலிச்சு எடுத்துக்கும்"னு சொல்றார். எனக்கு மனசு ஒப்பல.

முத்துச்சிப்பி

உங்க நண்பர் சொல்றதுல நியாயம் இருக்குங்க. ஹோமரை எந்தக் காலத்துலயும் யாரும் விடல, எகிப்து மணல்ல கிடைச்ச இலக்கிய பாப்பிரஸ்ல (நாணல்ல செஞ்ச பழைய தாள்) வேற யாரோடதை விடவும் ஹோமரோடதுதான் அதிகம். வெர்ஜில் செத்து நாலஞ்சு நூற்றாண்டுக்குள்ள எழுதின பிரதிகளே இன்னைக்கும் இருக்கு. ஜனங்க விரும்பிப் படிச்சாங்க, அதனால திரும்பத் திரும்ப எழுதினாங்க, அதனால நின்னுச்சு. சோபோக்ளிஸ்ல கிடைச்ச ஏழும் ஏழு ரத்தினம், அது தற்செயலா இருக்க முடியுமா? மொக்கையா ரெண்டு வந்திருந்தா தற்செயல்னு ஒத்துக்கலாம்.

பழைய_ஏடு

முத்துச்சிப்பி, இதுக்கு யூரிப்பிடிஸே பதில் சொல்றார். பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ற வேலையில பத்து வருஷமா இருக்கேன், அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு, நீளமா போனா பொறுத்துக்கங்க.

யூரிப்பிடிஸோட 19-ஐ ரெண்டு குவியலா பிரிக்கலாம். 10 நாடகம் பழைய வாத்தியார்கள் எழுதின உரைக்குறிப்போட வருது, அதாவது பள்ளிக்கூடத்துக்குன்னு பொறுக்கி எடுத்தது. மிச்சம் 9-க்கு அந்தக் குறிப்பு எதுவும் கிடையாது. அந்த ஒம்போதோட தலைப்பை கிரேக்கத்துல வரிசையா வச்சா எல்லாமே எப்சிலான், ஈட்டா, அயோட்டா, கப்பா இந்த நாலு எழுத்துலதான் ஆரம்பிக்கும். ஹெலன், எலெக்ட்ரா, ஹெராக்ளிஸ், இயான், ரெண்டு இஃபிஜீனியா, சைக்ளாப்ஸ், இப்படி. என்ன அர்த்தம்னு புரியுதா? ஒரு காலத்துல எங்கயோ யூரிப்பிடிஸோட மொத்த நாடகமும் அகரவரிசையில அடுக்கின ஒரு செட் இருந்திருக்கு. அதுல நடுவுல ஒண்ணு ரெண்டு கட்டு மட்டும் தப்பிச்சு யாரோட கையிலயோ கிடைச்சிருக்கு. அதை யாரும் தேர்ந்தெடுக்கல, சலிச்செடுக்கல. அலமாரியில அந்த எழுத்து வரிசை எங்க இருந்துச்சோ அந்த இடம் தப்பிச்சுது, அவ்வளவுதான். அதுல பாருங்க, கிரேக்க சட்டைர் நாடகம்ங்கிற (பாதி மிருகம் பாதி மனுஷன் கூட்டம் வர்ற கேலி நாடகம்) வகையிலேயே முழுசா கிடைச்சது அந்த சைக்ளாப்ஸ் ஒண்ணுதான். கப்பா எழுத்துல ஆரம்பிக்காம இருந்திருந்தா ஒரு இலக்கிய வகையே நமக்குப் பேரளவுலதான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு. ஈடிபஸ் மன்னன் முதல் தடவை ஏதென்ஸ்ல போட்டியில மேடையேறினப்ப ரெண்டாம் பரிசுதான். முதல் பரிசு ஃபிலாக்ளிஸ்னு ஒருத்தருக்கு, அவர் எஸ்கிலஸோட தங்கச்சியோ அக்காவோ பையன். அவரோட ஒரு நாடகம்கூட இன்னைக்கு இல்ல. சோபோக்ளிஸை ஜெயிச்ச அந்த நாடகம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க எனக்கு அவ்வளவு ஆசை.

வைகைக்கரை

இந்த நாலு எழுத்து விஷயம் படிச்சிட்டு ரெண்டு நாளா அதே நினைப்பு. சரி, தொலைஞ்சது எப்படி தொலைஞ்சுது? எரிச்சாங்களா? எகிப்துல இருந்த அலெக்ஸாண்ட்ரியா நூலகம் எரிஞ்சதுதான் காரணம்னு எல்லா யூடியூப் வீடியோலயும் சொல்றாங்க.

பழைய_ஏடு

தீ ஒரு சின்ன பங்குதான். பெரிய பங்கு, யாரும் படியெடுக்காம விட்டது. பாப்பிரஸ் சுருள் ஈரமான ஊர்ல ரொம்ப நாள் தாங்காது, தலைமுறைக்கு ஒருத்தராவது உக்காந்து புதுசா எழுதணும். எழுதலன்னா யாரும் எரிக்க வேண்டாம், தானா உதிர்ந்து போயிடும். இதுல ரெண்டு குறுகலான வாசல் இருந்துச்சு. ஒண்ணு, கி.பி. 2-லிருந்து 4-ம் நூற்றாண்டுக்குள்ள சுருள் போய் தச்ச புத்தகம் வந்துச்சு, தோல்ல எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு புத்தகத்துக்கு எத்தனை ஆடு, கன்னுக்குட்டி தோல் வேணும்னு யோசிங்க. எதை மாத்தி எழுதுறது எதை விடுறதுன்னு அப்பவே முடிவாயிடுச்சு. அடுத்தது 9-ம் நூற்றாண்டு, பெரிய எழுத்துல இருந்ததை கான்ஸ்டான்டினோப்பிள்ல (இன்னைக்கு இஸ்தான்புல்) சின்ன எழுத்துக்கு மாத்தினாங்க. மாத்தாத பழசை அப்புறம் யாரும் சீண்டல.

அந்த நூற்றாண்டுல அங்க ஃபோட்டியஸ்னு ஒரு மதத்தலைவர் இருந்தார், தான் படிச்ச சுமார் 280 புத்தகத்துக்குக் குறிப்பு எழுதி வச்சிருக்கார். அந்தக் குறிப்பு இருக்கு, புத்தகங்கள்ல கிட்டத்தட்ட பாதி இன்னைக்கு இல்ல. அவர் படிச்சு முடிச்சு "நடை நல்லாருக்கு, சொல்முறை தெளிவு"ன்னு எழுதுறார், நமக்கு அந்த நடையும் இல்ல, சொல்முறையும் இல்ல. அப்புறம் 1204-ல சிலுவைப் போர்க்காரங்களே அந்த ஊரைக் கொள்ளையடிச்சு எரிச்சாங்க. கிறிஸ்தவங்க கிறிஸ்தவ ஊரை.

மழைவாசி

யாருமே சாஃபோ பேரை எடுக்கலையே. கிரேக்கக் கவிஞர், லெஸ்போஸ் தீவுக்காரி, கி.மு. 600 வாக்குல. அலெக்ஸாண்ட்ரியாவுல அவங்க பாட்டுகளை ஒம்போது சுருளா தொகுத்து வச்சிருந்தாங்க. இன்னைக்கு முழுசா கிடைக்கிற பாட்டுன்னு உறுதியா சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணு, காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியைக் கூப்பிடுற பாட்டு. அதுவும் எப்படின்னா ரோம்ல இருந்த டயோனிசியஸ்னு ஒரு உரைநடை வாத்தியார், சொல் ஓசை எப்படி வழுக்கிட்டு ஓடணும்ங்கிறதுக்கு உதாரணமா மொத்தப் பாட்டையும் தன் புத்தகத்துல எடுத்துப் போட்டிருக்கார். நாலு வரி போதும்னு நிறுத்தியிருந்தா அதுவும் போயிருக்கும். சர்ச் எரிச்சிடுச்சுன்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது, ஆனா நான் படிச்ச வரைக்கும் அதைவிட நம்பக்கூடிய காரணம் மொழிதான். அவங்க எழுதினது ஏயோலிக் வட்டார வழக்கு, பள்ளிக்கூடம் கேட்டது ஏதென்ஸ் வழக்கு. பரிட்சைக்கு வராத பாட்டை யார் காசு கொடுத்து தோல்ல எழுதி வைப்பாங்க? முத்துச்சிப்பி சொல்ற "ஜனங்க விரும்பினாங்க"ங்கிறதுல இந்த வாத்தியார் சங்கதியையும் சேத்துக்கணும்.

2004-ல ஜெர்மனியில கொலோன் பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டாங்க. பாப்பிரஸ் மம்மிக்கு அட்டை ஒட்ட உபயோகப்படுத்தின பழைய தாள். வயசான சாஃபோ சொல்றாங்க, முடி நரைச்சுப் போச்சு, மான்குட்டி மாதிரி ஆடின முழங்கால் இப்ப தாங்கல, என்ன பண்ண முடியும்னு. இதுல வரிகளோட ஒரு ஓரம் முன்னாடியே வேற துண்டுல கிடைச்சிருந்துச்சு, அப்ப அது அர்த்தமில்லாத பாதி பாதி வார்த்தை. 2004-ல மீதி வந்து ஒட்டினதும் பாட்டு எழுந்து நின்னுச்சு. எங்கம்மா மாடிப்படி ஏறும்போது முழங்காலைப் பிடிச்சிட்டு நிப்பாங்க, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு ஞாபகம் வரும்.

கோப்பன்ஹேகன்_தமிழன்

நான் டென்மார்க்கில இருக்கிறன். கிரேக்கம் பற்றி உங்களளவுக்குத் தெரியாது, ஆனால் இங்க பக்கத்தில நடந்த ஒரு விசயம் சொல்ல வேணும். பழைய ஆங்கிலக் காப்பியம் பேவுல்ஃப் 3182 வரி. உலகத்தில அதுக்கு ஒரேயொரு கையெழுத்துப் பிரதிதான், ஏறக்குறைய கி.பி. 1000-ல எழுதினது. 1731 அக்டோபர் 23-ம் தேதி இரவு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில அது இருந்த வீடு தீப்பிடிச்சுது. கன புத்தகங்கள் சாம்பல். பேவுல்ஃப் தப்பிச்சுது, ஆனால் எல்லாப் பக்கத்தின்ர ஓரமும் கருகிப்போச்சுது. கருகின தோல் எப்பிடி எண்டால், ஒவ்வொருக்கா பக்கம் பிரட்டேக்கையும் ஓரத்தில இருந்து ரெண்டு எழுத்து உதிரும். தீயில போனதைவிட அதுக்குப் பிறகு 100 வருசமா ஆக்கள் பிரட்டிப் பிரட்டிப் பாத்ததில போனது கூட எண்டு சொல்லுவினம்.

இங்கத்தை ஆவணக் காப்பாளர் தோர்கெலின், ஐஸ்லாந்தில பிறந்தவர், 1780-களில லண்டன் போய் அதைப் பிரதி பண்ணினார். ஒண்டு ஆளை வைச்சு எழுதுவிச்சது, மற்றது தன்ர கையால. 20 வருசம் உழைச்சு அச்சுக்குத் தயார் பண்ணி வைச்சிருக்கேக்க 1807-ல பிரிட்டிஷ் கடற்படை கோப்பன்ஹேகன் மேல குண்டு போட்டுது, அவற்ர வீடு எரிஞ்சு அந்த 20 வருச வேலை முழுக்கப் போச்சுது. ரெண்டு பிரதியும் மட்டும் மிஞ்சினது. மனுசன் திரும்ப முதலில இருந்து தொடங்கி 1815-ல வெளியிட்டார். முதல் அச்சுப் பதிப்பு அதுதான். பிழைகள் நிறைய எண்டு பிறகு வந்தவை அவரைக் கடுமையா விமர்சிச்சவை, ஆனால் மூலத்தில உதிர்ந்துபோன கிட்டத்தட்ட 2000 எழுத்து அந்த ரெண்டு பிரதியிலதான் இருக்குது. என்ர பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில அந்தக் குண்டுவீச்சைப் பற்றிப் படிக்கினம், தோர்கெலின் பேர் அதில வரேல்லை, அது எனக்குக் கவலை.

இன்னொண்டு. பழைய ஆங்கிலக் கவிதையில பெரும்பகுதி நாலே நாலு புத்தகத்தில இருக்குது. அதில எக்ஸிட்டர் தேவாலயத்தில இருக்கிறதை யாரோ வெட்டுப்பலகையாப் பாவிச்சிருக்கினம், முதல் பக்கங்களில கத்திக் கோடு இருக்குது, ஏதோ பாத்திரம் வைச்ச வட்டக் கறை இருக்குது, கடைசிப் பக்கங்களில நெருப்புச் சுட்ட ஓட்டை. படத்தில பாத்தாலே வயித்தைப் பிசையும்.

முத்துச்சிப்பி

நான் சொன்னதை முழுசா வாபஸ் வாங்கல, ஆனா பாதி வாங்கிக்கிறேன். ஹோமர், வெர்ஜில் மாதிரி ஆட்கள் தகுதியால நின்னாங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவங்களுக்குக் கீழ இருந்தவங்களுக்குத்தான் அதிர்ஷ்டம் வேணும். மெனாண்டர்னு நகைச்சுவை நாடக ஆசிரியர், 100 நாடகத்துக்கு மேல எழுதினவர், பழங்காலத்துல ஹோமருக்கு அடுத்து இவர்தான்னு கொண்டாடினவங்க உண்டு. 19-ம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் மேற்கோள் வரிதான் கிடைச்சுது. அப்புறம் எகிப்துல துண்டு துண்டா வந்து, 1958-ல ஒரு நாடகம் கிட்டத்தட்ட முழுசா அச்சாச்சு. கி.மு. 316-ல முதல் பரிசு வாங்கின நாடகம். அதைப் படிச்ச நிறையப் பேர் இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு ஏமாந்துட்டாங்க, எனக்கும் சுமாராத்தான் பட்டுச்சு. ஆனா பாருங்க, இவர் நாடகத்தை எடுத்து ரோம்ல ப்ளாட்டஸும் டெரன்ஸும் லத்தீன்ல பண்ணாங்க, அவங்களைப் பாத்து பிரெஞ்சுல மோலியர் பண்ணார். மூலம் மண்ணுக்குள்ள கிடந்தப்பவே கஞ்சக் கிழவன், காதல் ஜோடி, தந்திரக்கார வேலைக்காரன் எல்லாம் பாரிஸ் மேடையில நடந்துட்டுதான் இருந்தாங்க.

லத்தீன்லயும் இதே மாதிரிதான், லுக்ரீஷியஸ் எழுதின பெரிய தத்துவக் கவிதையை 1417-ல போஜியோங்கிற இத்தாலிக்காரர் ஒரு மடத்துல கண்டுபிடிக்கலன்னா அதுவும் இல்ல.

பழைய_ஏடு

அந்தக் கடைசி வரியை மட்டும் திருத்துறேன், தப்பா எடுத்துக்காதீங்க, இது எல்லாரும் சொல்றது. போஜியோ கண்டுபிடிச்ச பிரதி தொலைஞ்சே போச்சு, அதுலேர்ந்து ஃபிளாரன்ஸ்ல நிக்கோலி எழுதினதுதான் இருக்கு. ஆனா 9-ம் நூற்றாண்டுல எழுதின ரெண்டு முழுப் பிரதி ஹாலந்துல லைடன்ல இருக்கு. ஒண்ணு நீளமா, ஒண்ணு சதுரமா. போஜியோ இல்லாட்டியும் கவிதை இருந்திருக்கும், ஆனா மறுமலர்ச்சிக் காலத்துக்காரங்க கையில அப்ப போய்ச் சேர்ந்திருக்காது. ஃபிராங்க் ராஜா சார்லமேன் காலத்துலயும் அதுக்கப்புறமும் மடங்கள்ல உக்காந்து சுத்தமான சின்ன எழுத்துல எழுதிக் குவிச்ச துறவிகளுக்கு யாரும் நன்றி சொல்றதில்ல. கடவுள் மனுஷ விவகாரத்துல தலையிட மாட்டார்னு சொல்ற கவிதையை எழுதிக் கொடுத்ததும் அவங்கதான்.

உண்மையிலேயே ஒத்தை நூல்ல தொங்கினது லத்தீன் கவிஞர் கட்டுல்லஸ். வெரோனாவுல 1300 வாக்குல ஒரு பிரதி வெளிய வந்துச்சு, படியெடுத்தாங்க, அது திரும்பத் தொலைஞ்சுது. லெஸ்பியாவுக்கு எழுதின காதல் கவிதை, செத்துப்போன கூடப் பொறந்தவனுக்கு எழுதினது எல்லாம் அந்த ஒத்தைப் பிரதி வழியா வந்ததுதான்.

ரோம் அரசியல்வாதி சிசரோ கதை வேற மாதிரி. அரசியல் பத்தின அவரோட புத்தகம் ஒரு பகுதி தவிர போயிடுச்சுன்னே இருந்தாங்க. 1819-ல வத்திக்கான் நூலகத்துல ஆஞ்சலோ மாய் ஒரு தோல் புத்தகத்தைப் பாக்கிறார். மேல இருக்கிறது பைபிள் சங்கீதங்களுக்கு அகஸ்டின் எழுதின விளக்கம், 7-ம் நூற்றாண்டு எழுத்து. வரிகளுக்கு நடுவுல மங்கலா, ரெண்டு மடங்கு பெருசா வேற எழுத்து தெரியுது. பழைய எழுத்தைச் சுரண்டிக் கழுவிட்டு அதே தோல்ல புதுசா எழுதியிருக்காங்க. அடியில இருந்தது சிசரோ. முழுசா வரல, ஆனா வந்துச்சு. அதைப் படிக்க அவர் மருந்து தடவினார், தடவினப்போ எழுத்து தெளிவா எழும்புச்சு, நாளாவட்டத்துல அதே மருந்து தோலைக் கெடுத்துச்சு. நான் ஸ்கேனர் முன்னாடி நிக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும், நாம இன்னைக்கு நல்லதுன்னு பண்றது நாளைக்கு என்ன ஆகும்னு.

வைகைக்கரை

அச்சு வந்ததுக்கு அப்புறம் இந்தப் பயம் போயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

மழைவாசி

ஷேக்ஸ்பியரைப் பாருங்க. அவர் செத்து ஏழு வருஷம் கழிச்சு 1623-ல கூட நடிச்ச ரெண்டு பேர், ஹெமிங்ஸும் காண்டெல்லும், 36 நாடகத்தைச் சேத்துப் பெரிய புத்தகமா போட்டாங்க. அதுல 18 அதுக்கு முன்னாடி அச்சே ஆகல. மேக்பெத், ஜூலியஸ் சீஸர், டெம்பெஸ்ட், ட்வெல்ஃப்த் நைட் எல்லாம் அந்தப் பதினெட்டுல வருது. அச்சு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல ஆன காலம் அது. கார்டெனியோன்னு இன்னொரு நாடகம் ஃப்ளெட்சர்னு வேற ஒரு நாடக ஆசிரியரோட சேந்து எழுதினதா பதிவு இருக்கு, செர்வான்டிஸோட கதையிலேர்ந்து எடுத்தது, அது அந்தப் புத்தகத்துல வரல, போச்சு.

இரவுவண்டி

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எழுதணும்னு தோணுது. நீங்க எல்லாரும் 1000, 2000 வருஷம் பின்னாடி பேசுறீங்க, இது நம்ம தாத்தா காலத்துலயும் நடந்துச்சு. சோவியத் எழுத்தாளர் வாசிலி கிராஸ்மன் ஸ்டாலின்கிராட் போரை வச்சு எழுதின பெரிய நாவலை 1961 பிப்ரவரியில அந்த நாட்டு ரகசியப் போலீஸ் கேஜிபி வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போச்சு. கையெழுத்துப் பிரதி, டைப் அடிச்சது, கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் வரைக்கும். ரிப்பன்ல எழுத்து பதிஞ்சிருக்குமாம். அவர் 1964-ல செத்துப் போயிட்டார், நாவல் அச்சாகி பாக்கல. நண்பர்கள் ஒளிச்சு வச்ச பிரதியை மைக்ரோஃபிலிம் எடுத்து வெளிய கடத்தி 1980-ல சுவிட்சர்லாந்துல அச்சாச்சு. சோவியத்துல வந்தது 1988.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா இன்னும் ஒரு படி மேல. மகன் ஜெயில்ல, லெனின்கிராட் சிறை வாசல் வரிசையில 17 மாசம் நின்னவங்க. ரெக்வியம் கவிதைகளை வீட்டுல வைக்க முடியாது, பேசவும் முடியாது, சுவருக்குக் காது. தோழி லிடியா சுகோவ்ஸ்கயா வந்தா, அக்மதோவா சத்தமா டீ குடிக்கிறீங்களான்னு ஏதாவது கேட்டுக்கிட்டே ஒரு துண்டுத் தாள்ல வேகமா எழுதி நீட்டுவாங்க. இவங்க படிச்சு மனப்பாடம் பண்ணித் திருப்பிக் கொடுப்பாங்க. இந்த வருஷம் இலையுதிர் காலம் சீக்கிரம் வந்துடுச்சுன்னு சத்தமா சொல்லிட்டே அக்மதோவா தீக்குச்சி உரசி சாம்பல் கிண்ணத்துல அந்தத் தாளை எரிச்சிடுவாங்க. பத்துப் பதினொரு பேர் தலைக்குள்ளதான் அந்தக் கவிதை 20 வருஷத்துக்கு மேல இருந்துச்சு. 1962 கடைசியிலதான் தாள்ல முழுசா எழுதினாங்க, அடுத்த வருஷம் மியூனிக்ல அச்சாச்சு, சொந்த நாட்டுல 1987.

வைகைக்கரை

படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

எனக்கு இதுல இன்னொரு பக்கமும் தோணுது. எழுதினவரே வேண்டாம்னு சொன்னது. வெர்ஜில் கி.மு. 19-ல செத்துப் போறப்ப அவரோட காப்பியம் ஈனியட் முடியல, எரிச்சிடுங்கன்னு சொன்னதா பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்லுது, அகஸ்டஸ் விடல. காஃப்கா 1924-ல இறந்தப்ப எல்லாத்தையும் எரின்னு நண்பர் மேக்ஸ் பிராடுக்கு எழுதி வச்சிருந்தார், பிராடு எரிக்கல, அடுத்த வருஷமே விசாரணை நாவலைப் போட்டார், 1939-ல நாஜிப் படை பிராகுக்குள்ள வர்றப்ப அந்தத் தாள்களைப் பெட்டியில தூக்கிட்டு ரயில் ஏறினார். அதே காஃப்கா கடைசிக் காலத்துல கூட இருந்த டோரா டயமண்ட்கிட்ட இருந்த நோட்டுகளை 1933-ல நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டபோ எடுத்துட்டுப் போச்சு, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. நண்பனோட கடைசி வார்த்தையை மீறினது சரியான்னு கேட்டா, நான் பிராடு பக்கம்தான். ஈனியட்ல ஐம்பதுக்கு மேல வரிகள் பாதியில நிக்குது தெரியுமா, சரிபாத்தவங்க அதை நிரப்பாம அப்படியே விட்டுட்டாங்க, அந்தப் பாதி வரி வர்ற இடமெல்லாம் எனக்கு ஒரு மனுஷன் பேனாவை வச்சிட்டுப் போன இடமாத்தான் தெரியுது.

முத்துச்சிப்பி

பிராடு விஷயத்துல எனக்கு முழு ஒப்புதல் இல்ல, அதுக்குத் தனி இழை போடுறேன். பழைய_ஏடு, ஒரு கேள்வி, இனிமே புதுசா எதுவும் கிடைக்க வாய்ப்பு இருக்கா?

பழைய_ஏடு

இருக்கு. எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற ஊரோட குப்பைமேட்டை 1896-லேர்ந்து கிரென்ஃபெல், ஹன்ட்னு ரெண்டு பேர் தோண்டினாங்க. அஞ்சு லட்சம் துண்டு பக்கம். வரிச்சீட்டு, கடிதம், மளிகைக் கணக்கு, அதுக்கு நடுவுல சாஃபோ, சோபோக்ளிஸ். வைகைக்கரை, உங்க சோபோக்ளிஸோட எட்டாவது நாடகம் பாதி அங்கேர்ந்துதான் வந்துச்சு, 1912-ல அச்சானது, அப்பல்லோவோட மாட்டைத் திருடினவனை மோப்பம் பிடிச்சுத் தேடுற கதை. பெரும்பகுதி இன்னும் ஆக்ஸ்ஃபோர்டுல பெட்டிக்குள்ள இருக்கு, படிச்சு வெளியிட்டது கொஞ்சம்தான்.

மழைவாசி

2011-ல அந்தத் துண்டுகளோட படத்தை இணையத்துல போட்டு யார் வேணும்னாலும் எழுத்தை அடையாளம் சொல்லலாம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிரேக்கம் தெரிய வேண்டாம், படத்துல இருக்குற வடிவத்தைக் கீழ இருக்குற கிரேக்கக் கீபோர்டுல பொருத்தினா போதும். நான் அதுல ராத்திரி ராத்திரி உக்காந்திருக்கேன். ஒரு துண்டு இன்னும் கண்ணுலயே நிக்குது. உள்ளங்கை அளவு கூட இருக்காது, பழுப்பு நிறம், நடுவுல பூச்சி அரிச்ச ஓட்டை, மூணு வரி, எந்த வரிக்கும் தலையும் இல்ல வாலும் இல்ல. முதல் வரியில ஒரு ஒமேகா தெளிவா இருந்துச்சு, அதைக் குறிச்சேன். அடுத்த எழுத்துல ஒரு கால் மட்டும் தெரிஞ்சுது, டாவா இருக்கலாம், அயோட்டாவா இருக்கலாம். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு கடைசியில அதை விட்டுட்டு ரெண்டாவது வரிக்குப் போனேன்.